எங்கள் வீட்டுக் குடும்ப அட்டை

எங்கள் ஊரில் குடும்ப அட்டை என்றால் கடல் அட்டைதான். வீட்டுக்கு ஓர் அட்டை என்று ஆணை வந்தது. எந்த அட்டை என்று அதில் இல்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது கடலுக்கடியில் மணலைத் தின்றுகொண்டு கிடக்கும் அட்டை ஒன்றுதான். வீட்டுக்கொன்றாகப் பிடித்து வந்து வாளியில் விட்டார்கள். ரேஷன் கடையிலும் மறுபேச்சில்லாமல் அரிசி அளந்தார்கள்.

அட்டையில் இரண்டு இனம். ஆள் குறையாத வீட்டில் இருப்பது வெள்ளை அட்டை. ஒருவர் இறந்துபோனால் அது கருப்பு அட்டையாகிவிடும். தோலைப் பார்த்தெல்லாம் இனம் சொல்ல முடியாது, உள்ளே இருக்கும் ரசாயனங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகவே ரேஷன் கடைக்குப் பக்கத்தில் லேப் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஜெனோவா நல்ல பெண். அட்டையைத் துளி சுரண்டி மெஷினுக்குள் விடுவாள். திரையில் மலை மலையாகக் கோடு எழும்பும். வீட்டில் ஆளுக்கு ஒரு மலை.

என் வீட்டுக்காரர் இன்னாசி மாசியில் கடலுக்குப் போனார். படகு வந்தது, அவர் வரவில்லை. அட்டை கருப்பு என்று தெரிந்தால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். அரிசி குறைந்தால் குறையட்டும், நானும் மகள் ஸ்டெல்லாவும் கஞ்சி குடித்துக்கொள்வோம். பெயரை அடிப்பதுதான் எனக்குத் தாங்காது. அதனால் அவருடைய துவைக்காத சட்டையைத் தினமும் வாளித் தண்ணீரில் அலசி வந்தேன்.

சோதனை நாளன்று லேபில் எனக்கு முன்னால் நின்றவளின் அட்டை பயத்தில் குடலைக் கக்கிவிட்டது. "குடல் திரும்ப வளந்ததும் கொண்டு வாங்க" என்று ஜெனோவா அனுப்பிவிட்டாள். நான் எங்கள் அட்டையைத் தடவிக்கொடுத்தேன்.

மெஷின் ஓடியது. எனக்கொரு மலை, ஸ்டெல்லாவுக்கொரு மலை. அடுத்து அவர் இடத்தில் கோடு கீழே இறங்கியது.

"சட்டைய அலசினீங்களாக்கும்?" என்றாள் ஜெனோவா.

"ஆமா."

"அந்த வேர்வை ஓரமா தனியா வந்துருச்சு. அத நான் கணக்குல எடுக்கல. இந்தப் பள்ளம் வேற, அக்கா."

"அப்ப கருப்பா?"

"கருப்புன்னா கோடு படுத்துரும். இது படுக்கல. அண்ணன் இருக்காரு, கடலுக்குக் கீழ இருக்காரு. இது புது இனம்."

"பேர அடிக்க மாட்டீங்கல்ல?"

"இருக்கிறவர் பேர எப்படி அடிக்கிறது?"

அங்கேயே நின்று அழுதேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

ரேஷன் கடைக்காரர் சூசை எங்கள் இருவருக்கும் அரிசி அளந்தார். பிறகு பக்கத்து மூட்டையிலிருந்து மணலை அள்ளி ஒரு பையில் போட்டார்.

"இது இன்னாசிக்கு. நல்லா சலிச்சதுதான், தைரியமா கொண்டு போ" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு உலை வைத்தேன். அரிசி ஒன்றில், மணல் ஒன்றில். அவருக்கு எப்போதும் உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். மணலில் நான் உப்பு போடவில்லை. அங்கே இருக்கும்.