லைன் மூன்று

டிங்! தேநீர் மேசைமேல் கிடந்த எட்டு கைப்பேசிகளும் ஒரே நொடியில் கத்தின.

"மணியக்கா வாய்ஸ் போட்டிருக்கு. ஓவர்டைமா இருக்கும்லா," என்று தீபன் எல்லாருக்கும் கேட்கும்படி தட்டிவிட்டான்.

நவமணியின் குரல் அறை முழுக்க ஒலித்தது. "நம்மகூட உக்காந்து திங்குதுங்க. அங்க கோயில ஒடைக்கிறப்ப பல்லக் காட்டுதுங்க. இனிமே ஒன்னையும் நம்பக் கூடாது!"

வாசலுக்கு வந்திருந்த நவமணி தன் குரலைத் தானே கேட்டாள். அவள் அனுப்ப நினைத்தது வேறு 'லைன் 3'க்கு. கோப்பெங் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில், மூன்றாம் லைன் என்ற தொழிலாளர் லயத்தில் குடியிருந்த குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு அது. ஈப்போ கையுறைத் தொழிற்சாலையில் அவள் தலைமையில் ஓடும் மூன்றாம் உற்பத்தி வரிசையின் குழுவுக்கும் அதே பெயர்.

தோட்டத்துக் கோயிலை அகற்றும் தகராறு இரண்டு வாரமாகக் கட்சி மேடைகளில் கொதித்துக்கொண்டிருந்தது. கூரையைப் பிரிக்கும்போது மலாய்க்காரர் சிலர் நின்று சிரித்த காணொளியைச் சற்றுமுன்தான் பார்த்தாள். அந்த ஆத்திரத்தில் விரல் தவறிவிட்டது.

அவள் வரிசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று மூன்று பேர். நோன்புப் பெருநாளுக்கு மற்றவர்கள் வேலைக்கு நிற்பார்கள். தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் நிற்பார்கள். பக்கத்து வரிசையில் போன வாரம் கைகலப்பு வந்ததும் நிர்வாகம் அறிவித்துவிட்டது: குழுவில் மதம் பேசினால் வேலை போகும், இன்னொரு புகார் வந்தால் இனவாரியாக ஷிப்டைப் பிரிப்போம். "என் லைன்ல அப்படி நடக்காது," என்று எழுந்து நின்று சொன்னவளே நவமணிதான்.

மூலையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மனிதவள மேலாளர் லியோங் திரும்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோயில் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. மலாயிலும் அது 'கூயில்'தானே.

"கோயிலைப் பற்றி என்ன?" என்று மலாயில் கேட்டார்.

தீபன் அவசரமாகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். லியோங்கின் பார்வை ரோஹானிமேல் நின்றது. தோட்டத்து மலாய் லாரி ஓட்டுநரின் மகள் அவள்; வரிசையில் எல்லாருக்கும் 'காக்', அதாவது அக்கா. லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்து, அவர்களைப்போலவே தமிழ் பேசுவாள்.

"காக் ரோஹானி, நீங்கள் சொல்லுங்கள். என்ன பேசுகிறாள்?"

ரோஹானி நவமணியை நேராகப் பார்த்தாள். நவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குரங்கு, பாஸ்," என்றாள் ரோஹானி மலாயில். "தோட்டத்தில் ஒரே தொல்லை. கூடவே உட்கார்ந்து தின்னும், கோயில் கூரை ஓடுகளை உடைத்துவிட்டுப் பல்லைக் காட்டும். ஒன்றையும் நம்பாதீர்கள் என்று அங்கே உள்ளவர்களுக்குச் சொல்கிறாள். குழு மாறி வந்துவிட்டது."

நவமணி வெறுப்பில் அவர்களை அஃறிணையில் பேசியிருந்ததால் ஒரு சொல்கூட இடறவில்லை.

"என் வீட்டு வாழை மரத்திலும் அதே கதைதான்!" லியோங் சிரித்துக்கொண்டே கோப்பையோடு வெளியேறினார்.

"அலாமாக்! மொதல்ல அத டிலீட் பண்ணுங்கக்கா," என்று தீபன் முணுமுணுத்தான்.

ரோஹானி எழுந்து உடைமாற்றும் அறைக்குப் போனாள். நவமணி பின்னாலேயே ஓடினாள்.

"காக்... நான் உங்களச் சொல்லல. அந்த வீடியோல சிரிச்சானுங்களே, அவனுங்களத்தான்."

"அவனுங்களா தெனமும் உன்கூட உக்காந்து திங்கிறானுங்க?"

நவமணி கைப்பேசியைத் திறந்து அந்தப் பதிவை அழித்தாள்.

"என் சனத்த என் வாயாலயே கொரங்குன்னு சொல்ல வச்சிட்ட."

"மன்னிச்சிருங்க காக். நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. லைனும் ஒடஞ்சிருக்கும். இந்த நன்றிய நான்..."

ரோஹானி தலைவலையை இழுத்து மாட்டினாள்.

"நன்றியெல்லாம் வேணாம்லா, மணி. நேத்து எங்க குடும்ப குரூப்புல நான் ஒங்க சனத்தப்பத்திப் பேசினது இதவிட மோசம். அது இங்க மாறி வரல, அவ்ளோதான்."