தெரு நடுவில் பெர்னியின் நாற்காலி

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பனிக்காலத்தில் வண்டி ஓட்ட எல்லாருக்கும் பயம். ஆனால் பயப்பட வேண்டிய மாதம் மார்ச்தான். பனி உருகித் தார் பிளந்து, உள்ளே தண்ணீர் நின்றுவிட்டால் குழி இருப்பதே தெரியாது. தேங்கிய தண்ணீரை நம்பாதே, முன்னால் போகிறவனை ஒட்டிக்கொண்டு போகாதே, குழிக்குள் பிரேக்கை மிதிக்காதே. எங்கள் ஊரான டேரோ ஹில்லில் இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்க ஒருத்தனும் இல்லை.

இந்த வருஷக் குழி என் வீட்டுக்கு நேரே, தெருவின் நட்ட நடுவில் வாயைப் பிளந்தது. மற்ற வருஷமாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் மனைவி பெர்னிக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருகிறாள். வலிக்குப் பயந்துகொண்டு ஆஸ்பத்திரியில் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. தினம் இருபது அடியாவது நடக்கச் சொல்லி டாக்டர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். வாசலில் வந்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் இவள் அப்புறம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். குழியை விலக்கிப் போகலாமென்றால் நடைபாதை மேல் ஏற வேண்டும். அதுவும் குலுக்கல்தான்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு கஸ் மங்கனாரோவின் டயர் அந்தக் குழியில் வெடித்தது. யாருக்காவது எலும்பு முறிவதற்குள் ஏதாவது செய்வோமென்று சமையலறையிலிருந்து ஒரு சிவப்பு நாற்காலியைத் தூக்கி வந்து குழிக்குள் நிறுத்தினேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

எங்கள் ஊரில் நாற்காலி என்றால் விளையாட்டில்லை. பனிக்காலத்தில் முதுகு ஒடியப் பனியை வாரி வண்டி நிறுத்த இடம் பண்ணுகிறவன், வெளியே கிளம்பும்போது அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. வீடு புகுந்து திருடுகிறவன்கூட அந்த நாற்காலியைத் தொடமாட்டான்.

என் நாற்காலியையும் ஒருத்தரும் தொடவில்லை. எல்லாரும் மரியாதையாக நடைபாதையில் ஏறி இறங்கிப் போனார்கள். கஸ் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"யோவ் ரீஜிஸ், நடுரோட்டுல இடம் புடிச்சிருக்கானே, யாருய்யா அந்த ஆளு? நெஞ்சழுத்தம்தான்."

"இடமும் இல்ல மண்ணும் இல்ல. குழிய்யா அது. உன் டயரை முழுங்கின அதே குழி."

"குழியோ மேடோ, நாற்காலி கெடக்குல்ல? அப்ப இடம்தான். எடுத்தா சொல்லு."

புதன்கிழமை தார் போடும் வண்டி வந்திருக்கிறது. நான் அந்த நேரம் பார்த்து மருந்துக் கடையில் நின்றிருக்கிறேன். நாற்காலியைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம். போன் போட்டுக் கத்தினேன். தார் போடுகிறவர்களின் மேஸ்திரி டார்னெல் பொறுமையாகத்தான் பேசினார்.

"பெரியவரே, அடுத்தவங்க நாற்காலிய நான் நகர்த்தினேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளயே சேர்க்கமாட்டாங்க."

"அடுத்தவன் இல்லப்பா, அது என் நாற்காலி."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. நாளைக்கு வர்றேன். நீங்களே எடுங்க, உங்க கையால."

வியாழக்கிழமை காலையிலிருந்து வாசலிலேயே நின்றேன். தார் வண்டி முனையில் திரும்பியதும் ஓடிப்போய் நாற்காலியைத் தூக்கினேன். எடுத்த மறுநிமிஷம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் உறுமியது. கஸ் தன் வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திவிட்டான். முன்சக்கரம் மொத்தமும் குழிக்குள்.

"என்னய்யா பண்ற?"

"நாற்காலி போயிடுச்சு, இடம் காலி. ரெண்டு நாளா காத்திருக்கேன்."

"டயர் உள்ள போயிடுச்சுய்யா."

"அது என் டயரு, என் கவலை."

கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். டார்னெல் வந்து பார்த்தார். முறையாக நிறுத்திய வண்டியை நகர்த்தத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நடுரோட்டில் என்ன முறை என்று கேட்டுக்கொண்டே நான் தலையிலடித்துக்கொண்டேன். சாயங்காலம் கஸ்ஸுக்கு எங்கேயோ போக வேண்டி வந்தது. மூன்று பேர் சேர்ந்து வண்டியை வெளியே இழுத்தார்கள். குழி இரண்டு மடங்காகியிருந்தது. நாற்காலியை இந்தத் தடவை குழியின் ஓரத்தில் வைத்துவிட்டு, விடியும்வரை கண்ணை மூடாமல் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை அக்கா மகள் நடாலி பெர்னியை ஆமை வேகத்தில் கூட்டிக்கொண்டு வந்தாள். குழிக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. கதவு திறந்தது. முதலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டி வெளியே வந்தது, பிறகு பெர்னியின் கால், பிறகு பெர்னி.

"ஏய் மனுஷா, அது என் நாற்காலிதானே?"

"குழிக்காகத்தான் பெர்னி, உனக்காகத்தான்..."

"நாலு நாற்காலியும் ஒரே செட்டு. சேத்துல போட்டு வச்சிருக்க."

திட்டிக்கொண்டே நடந்தாள். ஆமாம், நடந்தாள். ஆஸ்பத்திரியில் ஓர் அடி வைக்காதவள் நாற்காலிவரை வந்து, அதன் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அந்தச் சமயம் பார்த்துத் தார் வண்டி வந்தது. டார்னெல் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, இந்த நாற்காலி உங்களுதுங்களா?"

"அடியில பார், என் பேர் எழுதியிருக்கும்."

அவர் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். "இருக்குங்கம்மா. அப்ப இடத்தை விட்டுக்குடுக்கறீங்களா?"

எதிர்ப்பக்கம் ஒரு எஞ்சின் உறுமியது. பெர்னி திரும்பக்கூட இல்லை.

"கஸ், வண்டிய அணை."

எஞ்சின் அணைந்தது. அவள் எழுந்து தள்ளி நிற்க, பதினைந்தே நிமிஷத்தில் குழி மறைந்தது. தார் ஆறும்வரை வண்டி ஏறாமலிருக்க அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும் என்றார் டார்னெல். பெர்னி நாற்காலியைக் காட்டினாள். பிறகு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தானே வாசல்வரை நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது ஜூன். தார் எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் எல்லாரும் இன்னமும் நடைபாதையில் ஏறித்தான் போகிறார்கள், அதுவும் மெதுவாக. நாற்காலியை எடுத்துவிடலாமென்று இரண்டு தரம் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன். தினமும் காலையில் பெர்னி ஒற்றைக் கோலை ஊன்றிக்கொண்டு தெரு நடுவுக்குப் போய், சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள். வாசலிலிருந்து நாற்காலிவரை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருபது அடி.