அண்ணி முன்னால் நடந்த பாதை

"நான் கார்லயே உட்கார்ந்திருக்கேன். என்னால உங்களுக்கெல்லாம் தொந்தரவு," என்றாள் அண்ணி. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு அவள் வாசலைத் தாண்டுவதே அபூர்வம். சின்னக் குழந்தைகளும் ஏறுகிற இந்த மலைப்பாதையை நாங்கள் தேடிப்பிடித்ததே அவளுக்காகத்தான்.

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். "மெதுவா நடக்கறவங்கதான் முன்னாடி போகணும்க்கா. மலையில அதுதான் சட்டம்."

"கல்யாணமான நாள்லேருந்து நான் இவ பின்னாடிதானே போறேன்," என்றார் அண்ணன்.

"பேசாம வாங்க!" அண்ணி கம்பை ஊன்றிக் கிளம்பினாள். அவள் நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி வளைவில் திரும்பியவள் எங்கள் கண்ணுக்கு மறைந்தாள்.

"என்னம்மா, கால் வலிக்குதா?" அண்ணன் குரல் கொடுத்தார். பதில் இல்லை. பதறிப்போய் ஓடினோம்.

அண்ணி கம்பைக்கூட மறந்து நின்றிருந்தாள். எங்கள் காலுக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேகம் வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து மலைகளின் உச்சிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. பறவை ஒன்று எங்களுக்குக் கீழே பறந்து போனது.

"இவ்வளவு பெருசா இருக்கே! இதை நானா முதல்ல பார்த்தேன்?" என்றாள் அண்ணி.

அண்ணன் மெல்லப் போய் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.