மூலை வரைக்கும்

லென்ஸைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது வான்மதிக்கு மறந்துவிட்டது. இடது பக்கம் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. வலது பக்கமும் அசையவில்லை. ஃபியூனரல் ஹோமின் பார்க்கிங்கில், காரின் முன்சீட்டில், மடியில் கேமராவை வைத்துக்கொண்டு அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டன் இருக்கு. யூ ஹேவ் டு ப்ரெஸ் இட் ஃபர்ஸ்ட்," என்றாள் பின்சீட்டிலிருந்து மகள் கயல். இரண்டு நாளாக அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

அமுக்கித் திருகியதும் பழைய ஜூம் லென்ஸ் கையோடு வந்தது. வான்மதி அதைப் பையில் போட்டுவிட்டு, கறுப்பு டப்பாவிலிருந்து நூறு எம்.எம். லென்ஸை எடுத்தாள். இந்த லென்ஸுக்காகத்தான் அவள் புருஷன் சேனாபதி இரண்டு வருடம் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. அவன் உள்ளே பெட்டியில் படுத்திருக்கிறான். மதியம் தகனம்.

காருக்கு வெளியே நின்றிருந்த சபரி குனிந்து கண்ணாடி வழியாகச் சொன்னான். "அக்கா, விட்டுருங்கக்கா. நேத்துதான் போட்டோ எடுத்து ஈமெயில் பண்ணியாச்சில்ல? இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் வந்துருவாங்க."

"அனுப்புனதை அவங்க ஒத்துக்கலையே, சபரி."

"பெரியவங்க துக்கத்துல அப்படித்தான் பேசுவாங்க. நாளைக்கு அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"நாளைக்கு அவரு இருக்க மாட்டாரே," என்று சொல்லிவிட்டு வான்மதி கதவைத் திறந்து இறங்கினாள்.

சபரி சேனாபதியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவன், ஈரோட்டுப் பையன். இந்த இரண்டு நாளும் எல்லாவற்றையும் அவன்தான் ஓடியாடிச் செய்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தாராபுரத்தில் மரகதம் இருந்த இருப்பு அவனுக்குத் தெரியாது.

மரகதம் சேனாபதியின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் கணையத்தில் நோய் என்று தெரிந்தபோது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். பாஸ்போர்ட் வருவதற்குள் அவன் போய்விட்டான். "என்னை அங்கயும் இங்கயும் தூக்கிட்டு அலையாதே, இங்க நம்ம பிளசன்டன்லயே முடிச்சிரு" என்று அவன்தான் சொல்லியிருந்தான். அதனால் போட்டோ எடுத்துத் தாராபுரத்து பிரவுசிங் சென்டருக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. எரிப்பதற்கு முன்னால் அக்கா ஒரு தடவை முகம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று அதற்குப் பழைய ஜூமைத்தான் மாட்டினாள் வான்மதி. தெரியாமல் செய்ததில்லை, தெரிந்தேதான் செய்தாள். கடைசி இரண்டு மாதத்தில் சேனாபதியின் முகத்தில் எலும்பும் மீசையும்தான் மிச்சம். அதை அப்படியே அக்காவுக்குக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பழைய ஜூமைப் பற்றி அவனே சொல்வான்: "இது ரொம்ப நல்ல மனசுக்காரன். எல்லாத்தையும் பூசி மெழுகிருவான். நூறு எம்.எம். அப்படியில்ல, இருக்கறதைச் சொல்லிரும்." சரி, ஒரு நாளைக்குப் பூசி மெழுகட்டுமே என்று நினைத்தாள்.

இன்று விடிந்ததும் மரகதத்தின் போன் வந்தது.

"ஏம்மிணி, யாரோட போட்டோவ அனுப்பியிருக்கறே?"

"அண்ணி, அவருதானுங்க."

"அது எந்தம்பி இல்ல. யாரோ வெள்ளக்காரனுக்கு மீசை வெச்சு அனுப்பியிருக்கறீங்க. புருவத்துல வெட்டு எங்க? இடுப்புல வெச்சுட்டு நான் வாய்க்கால் தாண்டறப்ப அவன் கல்லுல விழுந்த வெட்டு எங்கங்கறேன்? ஆசுபத்திரியில ஆளை மாத்திக்கீது குடுத்துட்டாங்களோ என்னமோ, போயி நல்லாப் பாரு."

"அண்ணி, அவரு வீட்லதானுங்க... என் கையிலதானுங்க போனாரு."

மரகதம் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த வெட்டப் பாக்காம நான் தலைக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். சாவுச் சேதி கேட்ட அன்றே தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டியவள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்க, அழாமல், குளிக்காமல், போட்ட சேலையோடு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாளாம்.

வான்மதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அத்தாட்சி கேட்கிறார்களே என்று. பல் துலக்கும்போது கோபம் போய்விட்டது. அக்காவுக்கும் அவன் பிள்ளைதான். பிள்ளையைக் காட்டாமல் செத்துவிட்டான் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? கேமராப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூறு எம்.எம். லென்ஸ் இதுவரை ஒரு மனித முகத்தையும் பார்த்ததில்லை. சேனாபதி இந்தியன் ஸ்டோரில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்க்கிற ஆள். கடைக்காரன் முறைத்தாலும் ஒடிப்பான். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்று ஒன்று கடைக்கு வந்ததிலிருந்து எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று பத்திரிகை பத்திரிகையாகப் படித்தான். கேமரா ஒருவழியாக முடிவாயிற்று. லென்ஸ் முடிவாகவில்லை. வாங்குவான், சோதிப்பான், திருப்பிக் கொடுப்பான், வேறொன்று வாங்குவான்.

சோதனைக்கு ஊரிலிருந்து வந்த தமிழ்ப் பேப்பர்தான். அதை கராஜ் கதவில் நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டுவான். "இங்கிலீஷ் பேப்பர்ல ஐக்கும் ஜேக்கும்தான் புள்ளி. நம்மளுதுல வரிக்கு வரி புள்ளி. எந்த லென்ஸும் தப்பிக்க முடியாது," என்பான். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கி, நடுவைப் பார்க்கவே மாட்டான். நேரே படத்தின் மூலைக்குப் போவான். "நடுவுல எல்லா லென்ஸும் யோக்கியன்தான். யோக்கியதை மூலையில தெரியும்." சமைத்துக்கொண்டிருக்கிற வான்மதியைக் கூப்பிட்டு, "புள்ளி தெரியுதா பாரு," என்பான். புளிக்கரைசல் கையோடு வந்து நிற்பாள்.

"ஏனுங்க, ஊர்ல எல்லாரும் குழந்தையைப் போட்டோ எடுக்கறாங்க. நீங்க பேப்பர்ல காய்கறி வெலையைப் போட்டோ எடுக்கறீங்க."

"லென்ஸ் முடிவாகட்டும். அப்புறம் பாரு, உங்க ரெண்டு பேரையும் வளைச்சு வளைச்சு எடுக்கறேன்."

கயலின் போன பிறந்தநாளுக்குக்கூட, ஒருமுறை எடுத்துவிட்டுக் கடையில் கொடுத்துவிடுகிற அட்டைக் கேமராதான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். லென்ஸ் முடிவான வாரம் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். அதற்கப்புறம் கேமராவைத் தூக்க அவன் கையில் பலமில்லை.

சபரியும் கயலும் பின்னாலேயே வந்தார்கள். பெட்டி வைத்திருந்த அறைக்குத் துக்கம் கேட்க இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அங்கே வேலை பார்க்கிற, சாம்பல் நிறக் கோட் போட்ட வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு, வேண்டுமட்டும் இருங்கள் என்று மெதுவாகச் சொல்லி ஒதுங்கி நின்றாள். வான்மதி ஜன்னல் திரையை இழுத்து வெளிச்சம் விட்டாள். பெட்டியின் பக்கத்தில் ட்ரைபாடை நிறுத்திக் கேமராவைக் கீழ்நோக்கிக் கவிழ்த்தாள்.

"அம்மா, ஐ கான்ட்," என்று கயல் கதவருகிலேயே நின்றாள்.

"நீ அப்பாவைப் பாக்க வேண்டாம் கண்ணு. அந்த வெள்ளைத் துண்டை மட்டும் ஜன்னலுக்கு எதுத்தாப்புல பிடி. இந்தப் பக்கம் நிழல் விழுது."

கயல் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தாள். துண்டை விரித்து, முகத்தை அதன் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

வான்மதி கேமராவுக்குள் கண்ணை வைத்து லென்ஸின் வளையத்தைத் திருப்பினாள். முதலில் மங்கல். பிறகு தலையணை உறையின் நெசவு. பிறகு நெற்றி. பிறகு இடது புருவம் வந்து நின்றது. அப்போதுதான் அவள் பார்த்தாள். வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது முடி இல்லை, வரைந்த கோடு. பொடிப்பொடியாய், ஒன்றன்பின் ஒன்றாய், பென்சில் கோடு. தோலின் மேல் பூசிய மாவு துவாரங்களில் தங்கியிருந்தது.

நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கைதேர்ந்த வேலை. நேற்றும் இவ்வளவு பக்கத்தில் நின்றுதான் பார்த்தாள், இவ்வளவு வருடம் பார்த்த முகம்தான், அவளுக்கும் தெரியவில்லை. திரும்பவும் லென்ஸ் வழியாகப் பார்த்தாள். கோடு கோடாக இருந்தது. அக்கா சொன்னது சரிதான் என்று உறைத்தது. போட்டோவை மட்டும்தான் பொய் சொல்ல விட்டதாக அவள் நினைத்திருந்தாள். முகமே பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"சபரி, இந்தம்மாகிட்ட ஈரத்துணி கேளு. மேக்கப்பை எடுக்கணும்."

சபரி திகைத்தான். "அக்கா, வர்றவங்க பாக்கறதுக்குத்தான் அப்படிப் பண்ணியிருக்காங்க. அதை எடுத்தா... சார் ரொம்ப..."

"எளைச்சுப்போனாரு. சீக்குல போனாரு. எல்லாருக்கும் தெரியும். கேளு."

அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். தானே செய்யட்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று வான்மதி தலையை ஆட்டினாள்.

துணியைப் பிழிந்து புருவத்தின் மேல் வைத்தாள். தோல் அந்த வெதுவெதுப்புக்குக் கொஞ்சமும் மாறாமல் சில்லென்றிருந்தது. அழுத்தாமல், முடி போகிற வாக்கில் துடைத்தாள். துணியில் காப்பி நிறத்தில் பென்சில் வந்தது. இன்னொரு தரம் துடைத்தாள். வெட்டு வந்தது. அரிசி மணி நீளத்துக்கு முடியில்லாத வழவழப்பு. அவள் நிறுத்தவில்லை. நெற்றி, கன்னக்குழி, மூக்கின் இரண்டு பக்கம், காதுமடல் எல்லாம் துடைத்தாள். அவனைக் குளிப்பாட்ட இவர்கள் அவளைக் கூப்பிடவில்லை. தண்ணீர் சிவந்த மண் நிறமானது. கயல் துண்டைத் தாழ்த்தி, எப்போதிலிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேர் ஹீ இஸ்," என்றாள் மெதுவாக.

பிறகு எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தபடிதான். பிளாஷ் கூடாது. லென்ஸ் துவாரத்தின் நம்பரைப் பதினொன்றில் வை. கையால் அமுக்காதே, ஆடும், டைமரில் போடு. சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிய மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சேனாபதி கராஜ் கதவுப் பேப்பரைப் போல அசையாமலிருந்தான். கேமரா கிளிக்கென்றது.

அங்கிருந்த ஆபீஸ் அறையில் ஃபேக்ஸ் லைனைக் கழற்றிச் சபரியின் லேப்டாப்பில் செருகினார்கள். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி லைன் பிடித்தது. "முழு சைஸும் அனுப்பினா அங்க இறங்கவே இறங்காதுக்கா, சின்னது பண்றேன்," என்றான் சபரி.

"சின்னது பண்ணு. புருவத்தை மட்டும் கெடுத்துறாதே."

காலிங் கார்டின் நீளமான நம்பரைக் கயல் அடித்தாள். பிரவுசிங் சென்டர்காரன்தான் எடுத்தான். "அக்கா, கடை சாத்தற நேரம். பெரியம்மா போக மாட்டேங்கறாங்க, இங்கியே உக்காந்திருக்காங்க. இதோ குடுக்கறேன்."

"அண்ணி, வான்மதிங்க. வேற அனுப்பியிருக்கறேனுங்க. பொறுமையாப் பாருங்க."

"கடைக்காரத் தம்பி ஏதோ தொறக்கறான். இரு." மரகதத்தின் குரல் வறண்டிருந்தது. "கொஞ்சங் கொஞ்சமாத்தான் வருது. மேல வெள்ளையா ஒரு துணி... தலகாணியா அது?"

"ஆமாங்க."

"தலைமுடி வருது. ஐயோ, இத்தனை கொட்டிப் போச்சா?"

"மருந்துலங்க, அண்ணி. அதுக்கப்புறம் வளந்தது இவ்வளவுதானுங்க."

"நெத்தி வந்துருச்சு. எலும்பாத் தெரியுது." ஃபேனோ என்னவோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "நின்னு போச்சே. ஏம்ப்பா, நின்னு போச்சு... ஆ, வருது. வருது."

வான்மதி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

லைன் அறுந்துவிட்டதோ என்று கயல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. விரல் நகத்தால் கம்ப்யூட்டர் கண்ணாடியைத் தொடுகிற டிக்டிக்கென்ற சத்தம் கேட்டது. ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப.

"வாய்க்கால் ஓரத்துல," என்றாள் மரகதம் கடைசியில். "அன்னைக்கு அழவே இல்ல இவன். நாந்தான் அழுதேன்."

"அண்ணி..."

"நல்லாப் பாத்துட்டேன் சாமி. எடுத்துட்டுப் போங்க." பிறகு வாயைப் போனிலிருந்து விலக்கி, அங்கே யாரிடமோ சொன்னாள். "வீட்டு வாசல்ல தண்ணி எடுத்து வெக்கச் சொல்லு. நான் வாரேன்."

போன் வைக்கிற சத்தம் கேட்டது. வான்மதி சுவரில் சாய்ந்தாள். வெளியே கார்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. சாம்பல் கோட்டு அம்மாள் கையில் சின்னப் பவுடர் பெட்டியோடு வந்து, திரும்பவும் சரிசெய்து விடட்டுமா என்று கேட்டாள்.

"நோ, தேங்க்யூ. லீவ் ஹிம்," என்றாள் வான்மதி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சபரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, வந்தவர்களைப் பார்க்க வெளியே போனான்.

கயல் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. சுருக்காத பெரிய படத்தைத் திறந்துவைத்து, பெரிதாக்கிக்கொண்டே போனாள். நெற்றி, புருவம், வெட்டு. அங்கே அவள் நிற்கவில்லை. படத்தை நகர்த்தி நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே தலையணை உறையின் நூல் குறுக்கும் நெடுக்குமாக, எண்ணிவிடலாம்போல ஓடிற்று.

"அம்மா," என்றாள் தமிழில், "மூலை வரைக்கும் தெரியுது."