நிறுத்துங்கள், என்னைப் புகழ வேண்டும்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தொடங்கியது. அஹேரோ ஊர்க் கூடத்தில் அதிகாரி ஒருவர் உரை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் நாற்காலி மேல் ஏறி நின்றாள். கையில் ஒரு நாணயத்தைத் தூக்கிப் பிடித்தாள். அதிகாரி வாக்கியத்தின் நடுவில் வாயை மூடிக்கொண்டார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியை நானே கட்டினேன். அதனால் அங்கங்கே ஒழுகும்.

(கதையின் நடுவில் வர வேண்டியதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.)

2

முதல் தொடக்கம்: "நியாண்டோ நதி கரையை உடைத்த அந்த இரவில், இருட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு அலறல்—"

அடித்துவிட்டேன். அடுத்த வரியில் ஒரு குழந்தை மிதந்து வரும். என் கையை எனக்குத் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "காலநிலை மாற்றம் ஆப்பிரிக்காவை—"

ஆப்பிரிக்காவை என்ன? அது என்ன பக்கத்துத் தெருவா? அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "அகேயோவுக்கு அழ வரவில்லை."

இது இருக்கட்டும்.

3

அகேயோவுக்கு அழ வரவில்லை.

பள்ளி வகுப்பறையில் பயிற்சி நடந்தது. சுவரில் போன வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு கரும்பலகையின் பாதி வரை ஏறியிருந்தது. பயிற்சி கொடுத்தவள் கதாம்பி. தலைநகர் நைரோபியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. சன்னலுக்கு வெளியே, தன் வாடகை மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, அகேயோவின் சித்தப்பா மகன் ஒபுயா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை. வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சுக்கா."

ஒபுயா சிரித்தான்.

"அகேயோ. மனசுல என்ன தோணுச்சுன்னு கேக்குறேன்."

"கோழியக் கூரை மேல ஏத்தணும்னு தோணுச்சு. போய்ப் பாத்தா அது எனக்கு முன்னாடியே ஏறி உக்காந்திருக்கு. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, 'இப்பத்தான் வர்றியா'ன்னு."

கதாம்பி நெற்றியைத் தேய்த்தாள். "இதைக் கேட்டு யாரு கண் கலங்குவாங்க?"

"அவங்க வேற எதுக்குக்கா கலங்கணும்? இங்க ஆறே கலங்கலாத்தான ஓடுது."

"அவள விட்டுருங்கக்கா," என்றான் ஒபுயா வெளியிலிருந்து. "எங்க தாத்தா சாவுலயே சோத்துப் பானைய எட்டிப் பாத்தவ."

"நீ எட்டிப் பாக்கலியாடா? கரண்டியோட நின்னியே!"

நைரோபியில் காலநிலை மாநாடு. அஹேரோ இருக்கும் கானோ சமவெளியின் இளைஞர்கள் சார்பாக ஒருவர் பேசலாம். ஒரே ஒரு இடம். அகேயோவுக்கு அது வேண்டும். அங்கே ஆறுகளைப் படித்தவர்கள் வருவார்கள். கரை எங்கே எழுப்ப வேண்டும், எங்கே எழுப்பினால் இன்னொருவன் வயல் மூழ்கும் என்று தெரிந்தவர்கள். அவர்களைப் பிடித்து, என்னையும் அதைப் படிக்கவையுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்களா என்பது அடுத்த கவலை. முதலில் அந்த மேடை.

4

இங்கே எனக்கு இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று, கதாம்பி. அவளைக் கெட்டவளாக எழுதுவது எளிது. அழச் சொல்கிறாள், காதில் பெரிய தோடு போட்டிருக்கிறாள், போதாதா? ஆனால் பயிற்சி முடிந்ததும் அவள் அகேயோவிடம் தனியாகச் சொன்னாள்:

"அழுதா நம்மள நம்புறாங்க. சிரிச்சா, இவங்களுக்கு ஒண்ணும் ஆகலபோலன்னு கிளம்பிடுறாங்க. இந்த விதிய நான் போடல, தங்கச்சி."

இதற்குப் பிறகு அவளைத் திட்ட எனக்கு மனமில்லை.

இரண்டு, அகேயோ. அவள் ஆசைப்படுகிறாள். ஊருக்காக மட்டும் அல்ல, தனக்காகவும். வெள்ளத்தில் வீடிழந்த பெண், கதைகளில் தனக்கென்று எதையும் கேட்க மாட்டாள். ஒரு வரைவில் அவளை அப்படி ஆக்கிப் பார்த்தேன். "எனக்கு எதுவும் வேண்டாம், என் மக்கள் நலமாக இருந்தால்—"

அகேயோ பாதியிலேயே குறுக்கே வந்தாள்.

"யாரு சொன்னா வேண்டாம்னு? எனக்கு வேணும். நீங்க வேணும்னா உங்க பேனாவ வேண்டாம்னு சொல்லிக்கோங்க."

வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். மேலே கிடக்கிறது, பாருங்கள்.

5

ஊர்க் கூடத்தில் கூட்டம். மேடைப் பதாகையில் "இளைஞர் குரல்". பேச்சாளர் பட்டியலில் இளைஞர் எவரும் இல்லை. அதிகாரியின் பெயர் ஒதேரா. எந்த அலுவலகத்து அதிகாரி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எந்த அலுவலகத்தை நினைத்தாலும் பொருந்தும். நைரோபிக்குப் போகிறவர் பெயரை உரையின் கடைசியில் அறிவிப்பார். அது அவருடைய மச்சினன் மகன் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் அழகாக அழுவான்.

"பேரு வாசிச்சுட்டா முடிஞ்சுது," என்றான் ஒபுயா. "எழுந்திரு, போய்ச் சோறாவது திங்கலாம்."

"இரு. உங்கிட்ட சில்லற இருக்கா?"

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணத்திலும் சாவிலும் எங்கள் பக்கம் மேளம் அடிப்பார்கள். நடுவில் எவனாவது நாணயத்தைத் தூக்கி, "நிறுத்து, என்னைப் புகழணும்" என்றால் மேளம் நின்றே ஆக வேண்டும். அவன் தன்னைப் புகழ்வான், கூசாமல். முடிந்ததும் காசு மேளக்காரனுக்கு. இதன் பெயர் பக்ருவோக். இன்னொருவன் நிறுத்தி அதைவிடப் பெரிதாகப் புகழ்ந்துகொள்ளலாம். ஆனால் ஆதாரம் கேட்கக் கூடாது. அது விருந்தில் போய்ச் சோற்றைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது மாதிரி.

அகேயோ நாற்காலி மேல் ஏறினாள்.

"நிறுத்துங்க! என்னைப் புகழணும்!"

ஒதேரா நிறுத்தினார்.

அவர் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. அது உரை, மேளம் அல்ல. ஆனால் பிறந்ததிலிருந்து நாணயம் உயர்ந்தால் சத்தம் நிற்கும் ஊரில் வளர்ந்தவர். கையிலிருந்த தாள் தானாகத் தாழ்ந்தது. கூடமும் யோசிக்கவில்லை, ஒரே குரலில் கத்தியது:

"புகழ்ந்துக்கோ!"

6

"நான் அகேயோ! கானோவோட மக! ஊர்ல எல்லாரும் ஆத்தப் பாக்கப் போவாங்க, என்னைய ஆறே வந்து பாத்துட்டுப் போகும்!"

"ஏய்!" என்றது கூடம்.

"என் கட்டிலுக்கு அடியில கமோங்கோ* குடும்பம் நடத்துது. வாடகை கேட்டா வாலை ஆட்டுது!"

சிரிப்பு. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி வீசினார்.

"நட்டேன், மூழ்குச்சு. திரும்ப நட்டேன், காஞ்சுச்சு. மூணாவது தடவையும் நட்டேன். மழைக்கே எம்மேல பயம் வந்து, எப்ப வர்றதுன்னு தெரியாம முழிக்குது! அந்த ஆத்துக்கு எங்க வளையணும்னு சொல்லித்தரப் போறவ நான். என்னைய மேடையில ஏத்துனா மைக்குதான் அழும், நான் அழ மாட்டேன்!"

கூடம் எழுந்து நின்றது. கதாம்பியும்தான். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததாலா என்று எனக்குத் தெரியாது.

(* காற்றைச் சுவாசிக்கும் சேற்று மீன். இது உண்மை. வாடகை விஷயத்துக்கு நான் பொறுப்பல்ல.)

இத்தோடு ஒதேரா உரைக்குத் திரும்பியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் இந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒதேராவைப் புகழ்ச்சியில் வென்றவர் இல்லை. அந்த மனிதருக்குக் கை அரித்தது. சட்டைப் பையில் தேடி ஒரு நாணயத்தை எடுத்து உயர்த்தினார்.

"நிறுத்துங்க! என்னைப் புகழணும்!"

"புகழ்ந்துக்கோ!"

"நான் ஒதேரா! என் வயிறு ஏரி, எந்தப் பஞ்சத்துலயும் வத்தாது! இந்தக் கானோ மகள நைரோபி மேடையில ஏத்தப் போறவன் நான்! அங்க இருக்குறவன் எவனும் இவ கையிலேருந்து மைக்கப் புடுங்க முடியாமத் தவிக்கிறத முன் வரிசையில உக்காந்து பாக்கப் போறவனும் நான்!"

கூரைத் தகடு அதிர்ந்தது. ஒதேரா கைகளை விரித்து நின்றார். பிறகு மெல்லக் குனிந்து தன் தாளைப் பார்த்தார். அதில் வேறு பெயர் இருந்தது.

7

முடிவு, முதல் வகை: ஒதேரா தொண்டையைச் செருமுகிறார். "அது சும்மா பெருமைப் பேச்சு" என்கிறார். மச்சினன் மகன் போகிறான். அகேயோ மழையில் நடந்து—

இரண்டாம் வகை: ஒதேரா தாளைக் கிழிக்கிறார். கைத்தட்டல். அகேயோ கண்ணில் முதன்முறையாக—

இரண்டையும் அகேயோவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டும் வேணாம்," என்றாள். "ரெண்டுலயும் நான் கையக் கட்டிட்டு நிக்கிறேன்."

"நீ என்ன செய்வே?"

"அவரு சொன்னது பெருமையா வாக்கான்னு கேட்டா, நான் முறை தெரியாதவ. கேக்காம விட்டா முட்டாள். கொஞ்சம் தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டேன்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. கூடம் அமைதியாகும்வரை காத்திருந்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"ஐயா, நைரோபிக்குப் பஸ்ஸுலயா, விமானத்துலயா?"

ஒதேரா தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எதுவானாலும் சன்னலோரமாப் பாத்துப் போடுங்கய்யா. விமானம்னா ரொம்ப நல்லது. எங்க ஆத்த நான் மேலருந்து பாத்ததே இல்ல."

ஊரே ஒதேராவைப் பார்த்தது. மச்சினன் மகனும் பார்த்தான். ஒதேரா வாயைத் திறந்தார்.

"........................................"

அந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை அவருக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.