ஏற்றாத விளக்கு

அக்கரப்பத்தனைக் குளிரில் காஸ்கூட வேலைக்கு வர மறுக்கும். அன்று விடிகாலை அடுப்பு முனகிக்கொண்டே எரிய, ஜீவராணிக்குப் பொறுமை போய்விட்டது. லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனத்தை அவளும் செய்தாள். சிலிண்டர் மேல் கொதிநீரை ஊற்றி, அதைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். தேத்தண்ணி கொதித்தது. ரெகுலேட்டர் கோணிக்கொண்டதை யார் கண்டது? தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

சாயங்காலம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்திலிருந்து குட்டி மகள் சர்மிளாவைத் தூக்கிவந்து பாயில் கிடத்தினாள். பனி வராமல் ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது; கதவையும் சாத்தினாள். சளியில் ஜீவராணியின் மூக்கு வாசனை தெரியாமல் செத்துக் கிடந்தது. பகலெல்லாம் கசிந்த காஸ், பிள்ளை படுத்திருந்த தரையோடு தரையாகத் தேங்கி நிற்பது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் சாமி விளக்கேற்ற நெருப்புப்பெட்டியை எடுத்தாள்.

கதவு படாரென்று திறந்தது. அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பவுலின். பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்ற சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே கிடையாது. வந்தவள் நெருப்புப்பெட்டியைப் பிடுங்கினாள். என்னவோ ஏதோவென்று பதறி லைட்டைப் போடப் போன ஜீவராணியின் கையைத் தட்டிவிட்டாள்.

"காஸு கசியுது. சுவிட்சுப் பொறியே போதும், வெளிய வா."

பிள்ளையை வாரிக்கொண்டு ஜீவராணியையும் இழுத்து வந்தாள். லயத்தில் நடுச்சுவர்கள் கூரை வரை எட்டுவதில்லை. அப்போதுதான் வேலை விட்டு வந்த பவுலினுக்கு அந்த இடைவெளி வழியாக நாற்றம் எட்டியிருந்தது. ஒரு காம்பராவில் பற்றினால் வரிசையே போய்விடும். அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் விறகடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்தார்கள். பிறகு அவளே உள்ளே போய் சிலிண்டரை மூடி, ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

நல்ல வேளை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வேளையாவது ஒன்றாவது, எல்லாம் பவுலின்தான் என்று ஜீவராணிக்குத் தெரியும். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய நின்னு சத்தம் போட்டிருக்கலாமேக்கா. பத்தியிருந்தா நீங்களும்ல போயிருப்பீங்க."

பவுலின் சேலைத் தலைப்பால் சர்மிளாவின் மூக்கைத் துடைத்தாள்.

"கொளுத்தாதன்னு நான் கத்தியிருந்தா, நீ வேணும்னே கொளுத்தியிருப்ப."

 ஜீவராணி அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்களாலதான்க்கா எம்புள்ள இருக்கு" என்று அழுதாள்.