மீன் ரின் மாலை

மனோர் பார்க் கள்ளர்களுக்கு நம் சனத்தின் வீடுகள் தலைகீழ்ப் பாடம். அரிசி வாளி, சாமிப் படத்தின் பின்பக்கம், கூறைச் சேலைப் பெட்டி எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அடுத்த தெரு ரஜனி, குளிர்ப்பெட்டியில் அறக்குளா மீனுக்கு அடியில் ஒளித்து வைத்த சங்கிலியைக்கூட விடவில்லை. போகும்போது மீனைத் திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவு மரியாதை.

அதனால்தான் கனகாம்பிகை தன்னுடைய கல்யாணக் காப்புகள் இரண்டையும் மகளின் கலைப்படைப்புக்குள் ஒளித்தாள்.

மகள் சிவரூபினி நகைக் கலைஞர். கல்லூரியில் மூன்று வருடம் நகை செய்யப் படித்துவிட்டு வந்தவள், பொன்னைத் தொடமாட்டாள். சைக்கிள் டியூப், உடைந்த கோப்பை, தபால்காரர் வழியெல்லாம் எறிந்துவிட்டுப் போகும் சிவப்பு ரப்பர் வளையம், இவைதான் அவளுக்கு நவரத்தினம். அவள் செய்தவற்றில் பெரியது ஒரு மாலை. மீன் அடைத்து வந்த ஐந்து தகர ரின்களை நெருப்பில் கறுக்கவைத்து, மூடி போட்டு, கம்பியில் கோத்திருந்தாள். மூன்று வருடமாக அது சின்ன அறைச் சுவரில் தொங்கியது. "ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அம்மா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் கனகாம்பிகைக்குக் கழுத்து நோ வந்துவிடும்.

"இதைக் கள்ளனும் எடுக்கான், காசுக்காரனும் வாங்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நடு ரின்னுக்குள் காப்புகளை வைத்து மூடினாள். பிறகு நிம்மதியாகப் பாரிஸுக்குப் போனாள், தங்கையின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு.

திரும்பி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அம்மா! வால்தம்ஸ்டோ கலரியில கண்காட்சிக்கு என்ர வேலையளை எடுத்திருக்கினம். மாலைதான் நடுவில! சனிக்கிழமை திறப்பு" என்று சிவரூபினி அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

கனகாம்பிகை மகளின் தோளுக்கு மேலால் அந்த வெறும் ஆணியைப் பார்த்தாள். காப்பு உள்ளே இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்பாள். அதற்கு இருந்த ஒரே பதிலை அந்த முகத்துக்கு நேரே சொல்லத் தாய்க்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் கணவர் ஞானேஸ்வரனைப் பிடித்துக்கொண்டாள். முன்னறைத் திரைச்சீலை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

"திரைச்சீலையில ரெண்டு வளையத்தைக் காணேல்லை. வீட்டில ஆம்பிளை எண்டு ஒராள் இருந்து என்ன பிரியோசனம்?"

தான் தொடவே இல்லை என்றார் அவர். அவர் சொல்லி அந்த வீட்டில் யார் எதை நம்பினார்கள்?

சனிக்கிழமை கனகாம்பிகை காஞ்சிபுரம் உடுத்து, மூடியை நெம்புவதற்குக் கைப்பையில் ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டு போனாள். மாலை நடுவில் ஒரு வெள்ளைப் பீடத்தில் இருந்தது. யாரும் பார்க்காத நேரம் கரண்டியை எடுத்துக் குனிந்தாள். மூடியை ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறாள் பாவி மகள்!

காவலுக்கு நின்ற பொடியன் ஓடி வந்து, தொடக்கூடாது என்றான்.

"ஐ ஆம் மதர்" என்றாள் கனகாம்பிகை. தாய் என்றாலும் தொடக்கூடாதாம்.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தாள். இப்படியான நகைகளைச் சேர்ப்பவளாம். ஒரு காதில் மட்டும் அகப்பையளவு தோடு. சிவரூபினியிடம் கேட்டு மாலையைக் கையில் தூக்கி மெல்ல ஆட்டினாள். நடு ரின்னுக்குள் ஏதோ கிலுங்கியது. கனகாம்பிகைக்கும் உள்ளே என்னவோ கிலுங்கியது.

"உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாததுதான் இதின்ர வடிவாம் அம்மா. காசு குடுத்து வேண்டினாலும் ஒருநாளும் திறக்கமாட்டாவாம்" என்று மகள் ரகசியமாகச் சொன்னாள். "ஆராவது போட்டுக் காட்டவேணுமாம். நீங்கள்... போடுவீங்களோ?"

மூன்று வருடம் கேட்டு ஏமாந்த பிள்ளை அதைப் பாதிக் குரலில்தான் கேட்டாள். கனகாம்பிகை கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

காஞ்சிபுரத்தின் மேல் ஐந்து மீன் ரின். சனம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தன்னுடைய பொன் தன்னுடைய நெஞ்சிலேயே கிடந்தது. வாசலும் கிட்டத்தான், ஓடிவிடலாம். ஓட வேண்டாம், "வெட்டித் திற" என்றால் போதும். காப்பு வரும், வாங்க வந்தவள் போவாள், மகளுக்கும் எல்லாம் விளங்கிவிடும். வாயைத் திறந்தாள். எதிரே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தாள். இந்தப் பூரிப்பைக் கனகாம்பிகை தன் கல்யாணத்தன்று கண்ணாடியில்கூடக் கண்டதில்லை.

"பிள்ளை, இது நல்ல பாரமான சாமான். விலையைக் குறைச்சுப் போடாதை" என்றாள். மாலையைக் கழற்றித் தன் கையாலேயே அந்தப் பெண்மணியிடம் கொடுத்தாள்.

விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். கனகாம்பிகை மூலையில் ஒரு கதிரையில் போய் உட்கார்ந்து, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். போனது போகட்டும், பிள்ளைக்குக் கண்ணூறு கழிந்ததாக இருக்கட்டும் என்று மனதைத் தேற்றினாள். மனம் தேறுவதாக இல்லை.

சிவரூபினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கறுப்புச் சட்டையின் நீளக் கையை முழங்கை வரை இழுத்துவிட்டாள். காப்பு இரண்டும் அங்கே மின்னின.

"பெட்டியில வைக்கேக்க கிலுங்கிச்சுது. திறந்து பாத்தன்."

"அப்ப இப்ப உள்ளுக்க இருக்கிறது?"

"உங்கட திரைச்சீலை வளையம். சத்தம் வடிவா இருந்தது, விட மனம் வரேல்லை."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"ஏன் அதுக்குள்ள வைச்சனீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. அண்டைக்கு நல்லா அழுதன். இண்டைக்கு வெட்டச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பாவி" என்று கனகாம்பிகை அவள் கையில் ஒரு அடி போட்டாள். அடித்த கையை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஞானேஸ்வரனுக்கு ஒரு நல்ல தேத்தண்ணியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

மகள் காப்புகளைக் கழற்றித் தாயின் கையில் போட்டுவிட்டாள். "இனி எங்க ஒளிக்கப்போறீங்கள்?"

கனகாம்பிகை எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். மகளின் சைக்கிள் டியூப் அட்டியல், கோப்பை ஓட்டுத் தோடு, ரப்பர் வளைய ஒட்டியாணம், ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்டுக்குள்ளயும் ஏலாது பிள்ளை" என்றாள். "எதை எவள் வந்து வேண்டிக்கொண்டு போவாளோ, ஆர் கண்டது?"